எடை சொன்னால்தான் சக்கரம்

சனவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் மகளும் நலமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து சைக்கிள் சக்கரம் கட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு எது வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போன வருஷம் டயர் காற்று விஷயமாக நமக்குள் வந்த சின்னக் கருத்து வேறுபாட்டுக்குப் பிறகு உன் அக்கா போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா எட்டு மாசம் பேச மாட்டேங்கறீங்க. இனிமே எழுதுங்க. எழுதறப்பவாவது நடுவுல மூச்சு விடுவீங்க," என்றாள். தபால் பெட்டி வரை நடப்பது உடம்புக்கு நல்லதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு வரன் முடிந்துவிட்டது என்று அக்கா எழுதியிருப்பாள். பையன் தங்கம். பையனின் அப்பா, எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர், பல் டாக்டர். ஒல்லி. எங்கள் வீட்டுக்கு வந்தவர் நடையில் நிறுத்தியிருந்த என் சைக்கிளைப் பார்த்தார். நீ பந்தயத்தில் ஓட்டி எனக்குக் கொடுத்தாயே, அதேதான். "இன்னும் ரிம் பிரேக்கா சம்பந்தி?" என்றார். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவில்லை. அவருடையது டிஸ்க் பிரேக், கார்பன் சக்கரம். மிதிப்பதை நிறுத்தினால் வண்டு மாதிரி சத்தம் வருமாம். "ஊருக்கு வெளிய இருக்கற மலைக்குப் போன மாசம் கூடப் போய்ட்டு வந்தேன்," என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் போகாத மலையா," என்றேன். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து மேலே போவதாக முடிவாகிவிட்டது. ஏற்றம் பதினான்கு கிலோமீட்டர், இறக்கமும் அதே. மகள் வாழப்போகிற வீட்டின் முன்னால் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், அதை அவர்கள் பேரப்பிள்ளைக்கும் சொல்வார்கள்.

என் பழைய ரிம் தேய்ந்து குழிந்திருக்கிறது. ஆகவே ஒரு ஜோடி முதல்தரமான சக்கரம் வேண்டும். கார்பன். ஆழம் ஐம்பது மில்லிமீட்டர். கறுப்பு. சத்தம் வர வேண்டும்.

உன் அன்புள்ள
அத்தான்


சனவரி 17

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். முதுகு வலிக்கிறது, நன்றி. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சும்மா கேட்கவில்லை. தொழில் ரீதியாகவும் கேட்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் பிரேக் கட்டை பிடிப்பது ரிம்மையே. இறக்கத்தில் வருகிற சூடு முழுவதும் ரிம்மில்தான் இறங்கும். அலுமினியம் அதைத் தாங்கி வெளியே விட்டுவிடும். கார்பன் அப்படியில்லை. பதினான்கு கிலோமீட்டர் இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் உள்ளே இருக்கும் பசை இளகி, ரிம் பக்கவாட்டில் உப்பி, ட்யூப் வெடிக்கலாம். சம்பந்தியின் சக்கரம் கார்பனாக இருக்கலாம், ஏனென்றால் அவருடைய பிரேக் நடுவில் தனித் தகட்டில் இருக்கிறது. அவரைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

சத்தம் வருவது ரிம்மிலிருந்து அல்ல, நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து. அது உங்களுக்கு வேண்டுமென்றால், தெருமுனையில் திரும்பும்போதே அக்கா அடுப்பைப் பற்றவைக்கும் அளவுக்குச் சத்தம் போடும் ஹப் என்னிடம் இருக்கிறது.

கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். உங்கள் பிரேக் இடுக்கியில் எவ்வளவு அகலமான டயர் நுழைகிறது? மலைச்சாலையில் வளைவுகள் எத்தனை? இறக்கத்தில் விட்டு விட்டுப் பிடிப்பீர்களா, நசுக்கிக்கொண்டே வருவீர்களா? உங்கள் எடை என்ன? பழைய பின்சக்கரத்தை எனக்கு அனுப்ப முடியுமா?

இதையெல்லாம் வைத்துத்தான் எத்தனை ஸ்போக், எந்த ரிம் என்று முடிவெடுப்பேன். ஓட்டுகிறவர் தன் எடையை எழுதித் தராமல் என் கடையிலிருந்து சக்கரம் வெளியே போகாது. சொந்தக்காரர்களுக்கும் அதே விதிதான்.

மருமகளுக்கு என் வாழ்த்துகள்.

இப்படிக்கு
மச்சினன்


சனவரி 28

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா என்று நீ எழுதவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது நல்ல பழக்கமில்லை.

உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். டயர் இருபத்தைந்து மில்லிமீட்டர் வரை நுழைகிறது. இருபத்தெட்டு மாட்டினால் மேலே உரசுகிறது, ஒரு தபால் அட்டையை நுழைத்துப் பார்த்தேன், அட்டை கிழிந்தது. வளைவுகள் இருபத்தொன்று. அவற்றில் நான்கு, கொண்டையூசி. இறக்கத்தில் நான் நசுக்கிக்கொண்டு வருகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். பின்சக்கரம் தனிப் பார்சலில் வருகிறது. கட்டியவள் உன் அக்கா, ஆகவே பிரிக்க அரைநாள் ஆகும்.

கார்பன் வேண்டாம் என்று நீ சொல்வதை யோசித்தேன். முப்பது வருஷமாக லிஃப்ட் பரிசோதகராக இருக்கிறேன். ஒரு கட்டடத்தில் ஏறி, கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, 'எட்டுப் பேர், 544 கிலோ' என்ற தகட்டின் கீழ் நான் கையெழுத்துப் போட்டால்தான் அந்த லிஃப்ட் ஓடும். லிஃப்ட் கயிறு தேவையைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு தாங்கும் தெரியுமா? உங்கள் தொழிலில் அந்த மாதிரி தாராள மனசு இல்லையா? ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு விசாரணையா?

சரி, அலுமினியமாகவே இருக்கட்டும். ஆனால் கறுப்பு.

எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உடனே கட்ட ஆரம்பி.

அன்புடன்
அத்தான்


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். ஒத்தடம் கொடுத்தேன், குறைந்திருக்கிறது.

சக்கரம் வந்து சேர்ந்தது. பிரிக்க ஒரு நாள் ஆனது. அக்கா சாக்கை இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள்.

ரிம் தேர்ந்தெடுத்துவிட்டேன். அலுமினியம், பிரேக் பிடிக்கும் இடத்தில் கறுப்புப் பூச்சு. மழையிலும் பிடிக்கும், கார்பன் என்று சம்பந்தி ஏமாறக்கூட வாய்ப்பிருக்கிறது.

எடை?

இப்படிக்கு
மச்சினன்


பிப்ரவரி 13

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம். மகள் துணிக்கடையே கதி என்று இருக்கிறாள். உன் அக்காவின் தையல் மெஷின் ஓயவில்லை, வாடிக்கையாளர் துணியோடு வீட்டுக் கல்யாணத் துணியும் சேர்ந்துகொண்டது.

நீ திரும்பத் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன். எழுபத்து நான்கு.

போதுமா? மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம். எனக்கென்ன.

ஸ்போக் எத்தனை என்று எழுது. சம்பந்தியின் முன்சக்கரத்தில் எண்ணிப் பார்த்தேன், இருபதுதான் இருக்கிறது. எனக்கும் இருபது போதும். நிறைய ஸ்போக் இருந்தால் தபால்காரர் சைக்கிள் மாதிரி தெரியும்.

அன்புடன்
அத்தான்


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? கல்யாணத் துணியை ராத்திரி விளக்கில் தைக்காதே.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அத்தான் பார்க்க வேண்டாம்.

அத்தான் தன் எடை எழுபத்து நாலு என்று எழுதியிருக்கிறார். அக்கா, அவர் அனுப்பிய பின்சக்கரம் என் மேஜைமேல் இருக்கிறது. வலதுபக்கம் ஸ்போக் துளைகள் ஆறில் விரிசல். டயர் நடுவில் தட்டையாகித் தோசைக்கல் மாதிரி இருக்கிறது. முப்பத்திரண்டு ஸ்போக்கில் மூன்றை வெவ்வேறு மூன்று கடைகளில் மாற்றியிருக்கிறார். இருபது வருஷமாகச் சக்கரம் பார்க்கிறேன். எழுபத்து நாலு கிலோ ஆள் ஏறிய சக்கரம் இல்லை இது. தொண்ணூறுக்கு மேல்.

நான் ஏன் இந்த எடையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். மூன்று வருஷம் முன்னால் ஒருவர், வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறவர், எழுபது என்று சொல்லி லேசான சக்கரம் கட்டிக்கொண்டு போனார். இறக்கத்தில் பின்சக்கரம் முறுக்கிக்கொண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு மாதம் ஏணி ஏறவில்லை. அவருடைய எடை எண்பத்தெட்டு என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பொய் சொன்னார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் கட்டிய சக்கரம் உடைந்தது என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து இந்த விதி.

உன் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதே. அவரை அதில் ஏற்றி, என்ன வருகிறதோ அதை அவர் கையாலேயே எழுதி அனுப்பச் சொல். இறங்கப்போவது பதினான்கு கிலோமீட்டர். உன் புருஷனாச்சே என்றுதான் கேட்கிறேன்.

உன்
தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

கண் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடைக்குள்ளேயே ரொட்டியைக் கடித்துவிட்டு இருந்துவிடாதே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு நூல் டப்பாவுக்குள் வைத்தேன். அங்கே அவர் கை வைக்க மாட்டார்.

அந்த மெஷினில் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், திட்டாதே. ஆறு வருஷம் முன்னால் அவருக்கு எண்பத்து மூன்று இருந்தது. அப்போது ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "எண்பத்தஞ்சைத் தாண்டினா சைக்கிளைத் தொட மாட்டேன். தொந்தியை வெச்சுக்கிட்டு மலை ஏறினா ஊர் சிரிக்கும்," என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள். அது உனக்கும் தெரியும், டயர் காற்றுச் சண்டையில் நீ 'உங்க எடைக்கு அந்தக் காத்துப் பத்தாது' என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு எட்டு மாதம் பேசாமல் இருந்தவர்.

இவர் சைக்கிள் ஓட்டாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் தெரியுமா? வீட்டில் இருக்கிற கதவுக் கீல், குழாய், அலமாரி எல்லாவற்றையும் பரிசோதனை செய்து குறிப்பு எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்பார். ஓட்டிவிட்டு வந்தால் அவர் வேறு மனுஷன். செருப்பைக் கழற்றும்போதே கதை ஆரம்பிக்கும், எந்த வளைவில் எந்த நாய் துரத்தியது என்று. அந்த மனுஷனோடுதான் நான் குடித்தனம் செய்ய ஆசைப்படுகிறேன்.

ஆகவே முள் எண்பத்தைந்தை நெருங்கிய அன்று, மெஷினுக்குக் கீழே இருக்கிற திருகைக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். இப்போது பன்னிரண்டு கிலோ குறைத்துக் காட்டும். யாரும் ஏறாதபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்குமே, அதை அவர் பார்த்தால் பிடித்துவிடுவாரே என்று அதற்கு ஒரு பூப்போட்ட உறை தைத்தேன். எழுபதிலிருந்து நூறு வரை தெரிகிற மாதிரி மட்டும் ஒரு ஜன்னல். ஊர் லிஃப்ட்டை எல்லாம் பரிசோதிக்கிற மனுஷர், ஆறு வருஷமாக அந்த உறையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பேன்ட்டும் அப்படித்தான். வருஷம் ஒரு அங்குலம் பிரித்து விடுவேன். துணி சுருங்கவே இல்லையே என்று மெச்சிக்கொள்வார்.

போன வாரம் முள் எண்பத்திரண்டு காட்டியது. அதில் எட்டை அவராகவே கழித்து உனக்கு எழுதியிருக்கிறார். மீதிப் பாவம் என்னுடையது.

உண்மை தெரிந்தால் சைக்கிளை ஓரங்கட்டிவிடுவார். தெரியாவிட்டால் நீ சக்கரம் தர மாட்டாய். பலமாகக் கட்டி, ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடேன் தம்பி.

உன்
அக்கா


மார்ச் 12

மச்சானுக்கு,

நலம். கோபமாகவும் இருக்கிறேன். என் எடையை எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதிலும் இல்லை, சக்கரமும் இல்லை. என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

இந்த வாரம் வேலையிலும் ஒரே தலைவலி. ஐந்து மாடி அலுவலகம் ஒன்றில் வருடாந்திரப் பரிசோதனை. 544 கிலோ லிஃப்ட். உள்ளே இருபது கிலோ சோதனைக் கட்டிகள் இருபத்து மூன்று அடுக்கச் சொன்னேன், 460 ஆயிற்று. நான் எண்பத்திரண்டு. மொத்தம் 542. அளவுக்குள்தானே? காலை உள்ளே வைத்தேன், அதிக எடை மணி அலறுகிறது. இறங்கினால் நிற்கிறது. ஏறினால் அலறுகிறது. ஐந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். அந்த அலுவலகக் காவலாளி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

உணர்கருவி பழுது என்று எழுதி, லிஃப்ட்டுக்குச் சீல் வைத்துவிட்டு வந்தேன். ஐந்து மாடியும் படியில் ஏறுகிறார்கள். ஏறட்டும். ஒரு கருவி பொய் சொன்னால் உயிர் போகும். எடை விஷயத்தில் விளையாடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

உடனே பதில் போடு.

அத்தான்


மார்ச் 21

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். ஸ்போக்கை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள் வர வேண்டியிருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிப்ரவரி 13-ல் எழுபத்து நாலு. மார்ச் 12-ல் லிஃப்ட்டுக்குள் எண்பத்திரண்டு. ஒரே மாதத்தில் எட்டுக் கிலோ. கல்யாண வீட்டுச் சாப்பாடு முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டதா?

நான் மூன்றாவதாக ஒரு எண்ணுக்குக் காத்திருக்கிறேன். உங்களைக் கேலி செய்ய இல்லை. எந்த எண்ணாக இருந்தாலும் அதை மலைமேல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் சக்கரம் என்னால் கட்ட முடியும். பொய் எண்ணுக்கு மட்டும் எனக்குக் கட்டத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினன்


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அத்தானிடமிருந்து உனக்குக் கடிதம் வந்திருக்காது. அந்த லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் மெக்கானிக் வந்தாளாம். இவர் முன்னாலேயே கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாளாம். இருபத்தேழு வைத்தபோது மணி அடிக்கவில்லை. இருபத்தெட்டாவது வைத்ததும் அடித்தது. கருவி சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாள், "சார், கடைசியா எங்க எடை பார்த்தீங்க?"

அன்று மாலை இவர் வாடகை வண்டியில் நான்கு சோதனைக் கட்டிகளோடு வந்து இறங்கினார். மூச்சு வாங்க அவற்றை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கி வந்தார். எடை மெஷினின் உறையைக் கழற்றினார். நான்கு கட்டிகளையும் ஏற்றினார். எண்பது காட்ட வேண்டிய முள் அறுபத்தெட்டில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உறை, திருகு, பேன்ட்டு, எதையும் விடவில்லை. "உங்க எண்பத்தஞ்சு சபதத்துக்குப் பயந்துதான் பண்ணேன்," என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சைக்கிள்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. ஜன்னல் கொக்கி, சமையலறைக் குழாய் இரண்டுக்கும் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. சம்பந்தி போன் செய்தபோது, "பார்க்கலாம்," என்றார். மகள் என்னைப் பார்க்கிறாள். நான் தையல் மெஷினைப் பார்க்கிறேன்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ எதையாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 11

பெறுநர்: சக்கரம் கட்டுபவர்
பொருள்: ஆள் ஒருவரின் எடை குறித்த பரிசோதனை அறிக்கை

ஐயா,

மேற்படி ஆள் 9-ஆம் தேதி காலை, வெறும் வயிற்றில், என்னால் நேரில் பரிசோதிக்கப்பட்டார். எடைக்கருவி, தலா இருபது கிலோ கொண்ட நான்கு சான்றளிக்கப்பட்ட கட்டிகளுடன் ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்டது. மூன்று முறை எடுத்ததில் மூன்று முறையும் ஒரே அளவு.

எடை: 94.5 கிலோ.

குறைபாடுகள்: வயிற்றுப் பகுதியில் மிகுதி. முன்பு கொடுத்த இரு அளவுகளில் ஒன்று கருவியின் தவறு, மற்றொன்று ஆளின் தவறு.

பரிந்துரை: ஓடலாம்.

(கையெழுத்து, முத்திரை)

மச்சான், மேலே இருப்பது அலுவலகத் தாள் இல்லை, என் சொந்தத் தாள்தான். முத்திரை மட்டும் வழக்கத்தில் வந்துவிட்டது.

பதினெட்டு நாள் போர்வைக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தேன். எண்பத்தைந்தைத் தாண்டினவன் மலை ஏற முடியாது என்று சொன்னது நான். உன் அக்கா சொன்ன தேதிகளை வைத்துப் பார்த்தால், ஆறு வருஷமாக எண்பத்தைந்துக்கு மேலே இருந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்ததும் நான்தான். போன வருஷம் அந்த மலையில் பத்தாவது கிலோமீட்டர் வரை போனேனே, அன்றைக்கு எனக்குத் தொண்ணூற்று மூன்று. எண்பத்தொன்று என்று நினைத்துக்கொண்டு போனேன். காலுக்கு யாரும் எண்ணைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு மிதித்திருக்கிறது.

உன் அக்காவிடம் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த உறையைத் துவைத்து மறுபடி மாட்டியிருக்கிறாள், ஜன்னல் இப்போது பூஜ்யத்திலிருந்து இருக்கிறது. நேற்று அவளிடம், "ஆறு வருஷமா எனக்கு ஞாயித்துக்கிழமையைத் திருடிக் கொடுத்திருக்கே," என்றேன். அவள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லிஃப்ட் சீலை நானே போய்ப் பிரித்தேன். காவலாளி சல்யூட் அடித்தான். அது மரியாதையா என்று தெரியவில்லை.

இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. எத்தனை ஸ்போக் வேண்டுமானாலும் போடு. தபால்காரர் சைக்கிள் மாதிரி தெரிந்தாலும் சரி. எனக்கு மேலே போக வேண்டும், கீழே முழுசாக வர வேண்டும். இந்தப் பதினைந்து நாளில் உன்னால் கட்ட முடியுமா?

உன்
அத்தான்


ஏப்ரல் 30

அன்புள்ள மச்சானுக்கு,

நான் முழுசாக இருக்கிறேன். தொடை இரண்டும் என்னுடையவை இல்லை போல இருக்கிறது, மற்றபடி நலம். உன் முதுகு எப்படி?

உன் பெட்டி என் கடிதம் போட்ட நான்காம் நாளே வந்துவிட்டது. பதினைந்து நாளில் முடியுமா என்று கேட்டதற்கு நான்கே நாள். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்திரண்டு ஸ்போக். கறுப்பு. மிதிப்பதை நிறுத்தினால் வண்டுக் கூட்டமே வருகிறது. பெட்டியில் வைத்த சீட்டில், 'இறக்கத்தில் நசுக்காதீர்கள், பிடித்து விடுங்கள், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி' என்று எழுதியிருந்தாய். அதை மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சம்பந்தி வந்தார். கையுறை, கண்ணாடி, கார்பன், எல்லாம் இருந்தது. முதல் மூன்று கிலோமீட்டர் அவர் பின்னால் நான். அடுத்த இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஆறாவதில் அவர் என் பின்னால். திரும்பிப் பார்த்தேன். ஊரில் எல்லோரையும் "வாயைத் திறங்க" என்று சொல்கிறவர், அன்று தானே திறந்தபடி வந்துகொண்டிருந்தார்.

ஏழாவது கிலோமீட்டரில் எனக்குப் பின்சக்கரம் பஞ்சர். ஆணி. சம்பந்தி இறங்கி நிற்கக் காரணம் கிடைத்த சந்தோஷத்தில், "நான் பிடிக்கறேன் சம்பந்தி, நான் பிடிக்கறேன்," என்று சக்கரத்தை வாங்கிக்கொண்டார். டயரைக் கழற்றினேன், ட்யூபை எடுத்தேன். உள்ளே ஒட்டியிருந்த ரிம் டேப் ஒரு பக்கம் விலகியது. வால்வுக்குப் பக்கத்தில் பென்சிலால் உன் கையெழுத்து.

சம்பந்தி கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பல்லைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்துச் சத்தமாகவே படித்தார். "தொண்ணூத்தஞ்சு கிலோ. ஏத்தம் இறக்கம் ரெண்டுக்கும். பிப்ரவரி எட்டு." பிறகு கேட்டார், "இது என்ன சம்பந்தி, சக்கரத்தோட எடையா?"

மச்சான், அந்த இடத்தில் எனக்கு ஒளிய ஒரு மரம்கூட இல்லை. "என்னோட எடை," என்றேன். என் வாயால் அதை இன்னொரு மனிதரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஒரு லாரி போயிற்று.

அவர் கொஞ்ச நேரம் ஆணியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சம்பந்தி, இந்த மலைக்கு நான் இதுவரைக்கும் கார்லதான் வந்திருக்கேன். சைக்கிளை வாங்கியே ரெண்டு மாசம்தான் இருக்கும் அன்னிக்கு. உங்க நடையில பழைய பந்தய சைக்கிளைப் பார்த்ததும், பொண்ணோட அப்பா பெரிய வீரர் போலன்னு பயந்துட்டேன்," என்றார்.

சாலையோரத்தில் உட்கார்ந்து இருவரும் சிரித்த சிரிப்புக்கு, காரில் போன ஒருவர் நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டார். கடைசி மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் போனோம், இருவரும் சேர்ந்து. மேலே டீக்கடையில் ஆளுக்கு மூன்று பன்.

இறக்கத்தில் பிடித்து விட்டேன், பிடித்து விட்டேன். பதினாறாவது வளைவில் ஒரு மாடு குறுக்கே நின்றது. சொன்ன இடத்தில் நின்றது உன் சக்கரம். கீழே வந்து ரிம்மைத் தொட்டால் சூடு, ஆனால் ஒரு மயிரிழை கோட்டமில்லை. வண்ணம் அடிக்கிறவர் கதையை அக்கா என்னிடம் சொன்னாள். இதை அதற்காகவே எழுதுகிறேன்: தொண்ணூற்று நாலரை கிலோ போய், தொண்ணூற்று நாலரை கிலோ திரும்பி வந்தது. பன்னைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன். உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டாள். மாடு வந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள்.

ஆனால் ஒரு விஷயம். பிப்ரவரி எட்டு. நான் எழுபத்து நாலு என்று உனக்கு எழுதியதே பதின்மூன்றாம் தேதிதான். அதாவது நான் பொய் சொல்வதற்கு ஐந்து நாள் முன்னாலேயே சக்கரத்தைக் கட்டி ஆணியில் மாட்டிவிட்டு, நிப்பிள் வரவில்லை, எண் வரவில்லை என்று இரண்டு மாதம் என்னை அலைய விட்டிருக்கிறாய். அது இருக்கட்டும், மன்னித்துவிட்டேன். ஆனால் தொண்ணூற்றைந்து என்று எழுதியிருக்கிறாயே, அந்த அரைக் கிலோ எங்கிருந்து வந்தது? நான் முத்திரை போட்டுக் கொடுத்தது தொண்ணூற்று நாலரை. இதைச் சும்மா விடுவதாக இல்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தைக் கடிதத்தில் பேசி முடிக்க முடியாது. உன் அக்காவிடம் கேட்டேன், சட்டத்தை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததும் போன் செய்கிறேன். எடு.

உன்
அத்தான்